பேக்கேஜுக்குள் ஒளிந்த லென்ஸ்

சென்னை மாத்தூரில் அம்மாவுக்கோ மாமாவுக்கோ கண்புரை முற்றிவிட்டது என்றால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். 1819-இல் தொடங்கிய, இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனைக்குப் போனால் அறுவையும் லென்ஸும் இலவசம். தனியாரிடம் போனால் விலைப்பட்டியலைக் காட்டுவார்கள். ஒவ்வொரு தொகைக்கும் ஒரு லென்ஸ். அந்தத் தொகையில் லென்ஸுக்கு எவ்வளவு, அறுவைக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கும் அரசு ஆஸ்பத்திரியில் அறுவைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கையிருப்பு தீர்ந்த காலங்களில், வில்லையை (லென்ஸை) வெளியே வாங்கி வரும்படி நோயாளியின் கையில் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஏழைக்கு அது கொடுமை. ஆனாலும் வில்லை என்பது தனி விலையுள்ள பொருள் என்று அந்தக் குடும்பம் அறிந்துகொண்டது. வில்லைகளுக்கு அங்கே அரசு உச்ச விலையும் விதித்தது.

இங்கே விலையை இறக்கியது உற்பத்தி. 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஆரோலேப், இறக்குமதி லென்ஸின் விலையில் சிறு பங்குக்கே லென்ஸ் செய்து கொடுத்தது. அதற்கு முன் ஏழைகள் பலருக்குப் புரையை எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவதே வழக்கம்.

விலை எட்டிவிட்ட பிறகும், எந்த லென்ஸ் என்பதைப் பட்டியலின் மேல்வரிசை பார்த்து முடிவு செய்வது எனக்கு வேதனை தருகிறது. மடங்காத லென்ஸுக்குப் பெரிய கீறல் வேண்டும்; மடங்கும் லென்ஸை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறலில் செருகிவிடலாம். ஒற்றைக் குவிய லென்ஸ் தூரப் பார்வையைத் தெளிவாக்கும். படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். பல குவிய லென்ஸ் கண்ணாடியின் தேவையைக் குறைக்கும். ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம்; மங்கலான வெளிச்சத்தில் பொருள்கள் பிரிந்து தெரிவதும் குறையும். துறைமுகத்திலிருந்து மணலிக்கு இரவில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவருக்கு அது பொருந்துமா? விழித்திரையில் சர்க்கரை நோயின் பாதிப்பு இருந்தாலும் மருத்துவர்கள் அதைத் தவிர்க்கவே சொல்வார்கள். கருவிழியில் சிதறல் பார்வை அதிகமிருந்தால், அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்குப் பலன் உண்டு. அறுவைக்கு முன் கண்ணின் அளவுகளைக் காட்டி இதையெல்லாம் பேசாமல் பேக்கேஜை மட்டும் நீட்டுவது மருத்துவமாகாது.

எந்த வகை லென்ஸ் என்று தெரிந்தால் மட்டும் போதாது. 2023 ஏப்ரலில் இலங்கையின் நுவரெலியாவில், கண்புரை அறுவைக்குப் பின் இட்ட சொட்டு மருந்தால் சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது. அது இந்தியாவில் தயாரான மருந்து. கண்ணுக்குள் போவது எதுவானாலும் அதைச் செய்தவர் யார், எந்தத் தொகுதி என்று தெரிந்திருக்க வேண்டியது இரு கரையிலும் உயிர்நாடியான விஷயம். லென்ஸ் பெட்டிக்குள் ஸ்டிக்கர் இருக்கும். அதில் தயாரிப்பாளர் பெயர், பவர், வரிசை எண் எல்லாம் அச்சாகியிருக்கும். வீடு திரும்பும்போது தரும் சீட்டில் அதை ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் லென்ஸுக்குப் பின்புறச் சவ்வு மங்கி லேசர் தேவைப்பட்டாலோ, மறு கண்ணுக்கு அறுவை வந்தாலோ, மருத்துவர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.