கண்டி யன்னலுக்கு எந்தப் பூச்சு?

அலுமினிய யன்னல் சட்டத்துக்கு அனோடைசிங்தான் நல்லது, கடற்காற்றையே தாங்கும் என்பார்கள். காலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இந்த வாதம் பொருந்தும். கண்டிக்கு அதை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை.

அலுமினியம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் உலோகம். காற்றுப் பட்டவுடனேயே சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படலம் அதை மூடிவிடும். அந்தப் படலத்தையே கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி 10 முதல் 25 மைக்ரோன் வரை வளர்ப்பதுதான் அனோடைசிங். உலோகத்திலிருந்தே விளைந்தது என்பதால் உரிந்து விழாது. பவுடர் கோட்டிங்கோ வெளியிலிருந்து வந்த போர்வை: 60 மைக்ரோனுக்குக் குறையாத பிளாஸ்டிக், ஏறத்தாழ 200 பாகை சூட்டில் உருகி இறுகியது. வெட்டு முனையில் உப்பும் ஈரமும் புகுந்தால் பூச்சுக்கு அடியில் நூல் நூலாய் அரிப்பு ஓடும்.

ஆனால் அந்த அரிப்புக்கு உப்பு வேண்டும். ஹந்தானை மலைப் பனியும் இரு பருவ மழையும் ஈரத்தைத்தான் தருகின்றன. கடல் கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றருக்கு அப்பால்.

கண்டியில் சட்டத்தைக் கெடுக்கும் முதல் எதிரி சீமெந்து. ஒட்சைட்டுப் படலம் நிலைப்பது பிஎச் 4க்கும் 8.5க்கும் இடையில், புதுச் சீமெந்துக் கலவையின் நீர் 12ஐத் தாண்டும். யன்னலைப் பொருத்திய பிறகு சுவர் பூசும்போது தெறித்த துளி காய்ந்தால், அனோடைஸ் சட்டத்தில் வெள்ளைத் தழும்பு விழும். எதைக் கொண்டு தேய்த்தும் போகாது, ஏனெனில் கரைந்துபோனது படலமே. பவுடர் கோட்டிங் இதை வெகுவாகத் தாங்கும்.

பவுடர் கோட்டிங்மேல் எனக்குள்ள பெரிய குறை, உள்ளே நடந்த வேலை தெரியாதது. பூசுமுன் உலோகத்தை எவ்வளவு அரித்துச் சுத்தம் செய்தார்கள் என்பதை நிறம் மறைத்துவிடும். பூச்சு வேலைக்கான குவாலிகோட் தரம் கடற்கரைக்குச் சதுர மீற்றருக்கு 2 கிராம் உலோகமாவது நீங்கவேண்டும் என்கிறது. கண்டிக்கு அவ்வளவு தேவையில்லை. ஒன்றுமே செய்யாத சட்டம் எங்கும் உதவாது.

மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் தேங்கும் வாகனப் புகை, மழை கழுவாத தாழ்வார நிழலில் படியும். அங்கே இரண்டு பூச்சையும் கழுவத்தான் வேண்டும்.

எனவே என் முடிவு பவுடர் கோட்டிங்: முன்சுத்தத்துக்கு எழுத்தில் உறுதி, அடைத்த வெட்டு முனைகள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகள் என்ற நிபந்தனைகளோடு. மேசன் பாஸ் சுவர்ப் பூச்சு வேலையை முடித்து, அது காய்ந்த பிறகே சட்டம் ஏறுமென்றால் அனோடைசிங்குக்கு மாறிவிடுவேன்.