பேண்டுக்குக் கிடைத்த மரியாதை

முதலில் ட்யூபாவும் யூபோனியமும் மட்டும். பேண்டில் எப்போதும் அடியில் நின்று பாரம் சுமக்கிற வாத்தியங்கள் இரண்டும், தாழ்ந்த குரலில், மூன்று அட்சரத் தாளத்தில் எட்டு ஆவர்த்தம் ஓடும் மெட்டொன்றை வாசிக்கின்றன. ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909-இல் ராணுவ பேண்டுக்காக எழுதிய ஈ ஃபிளாட் முதல் சூட் என்ற மூன்று பகுதி இசைத்தொகுப்பு இப்படித்தான் தொடங்குகிறது.

அந்தக் காலத்தில் பேண்ட் என்றால் அணிவகுப்பு, பூங்கா மேடை. இல்லையென்றால் ஆபராவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதியதை மாற்றி வாசிப்பது. பேண்டுக்கென்றே ஒருவர் சிரத்தையாக எழுதுவது அபூர்வம். ஹோல்ஸ்ட் எழுதினார். வலக்கை நரம்பு வலியால் பியானோ கைவிட்டுப்போக, டிராம்போன் ஊதிச் சம்பாதித்தவர் அவர். ஊதுகிறவருக்கு எங்கே மூச்சு வேண்டும் என்று அறிந்த கை அது. சிறிய பேண்டுகளும் வாசிக்கட்டும் என்று பல வாத்தியப் பாகங்களை, ஆள் இருந்தால் வாசிக்கலாம், இல்லையென்றால் விடலாம் என்று வைத்தார்.

மெட்டின் முதல் மூன்று ஸ்வரங்களைக் கவனியுங்கள். ஈ ஃபிளாட்டை ஷட்ஜமாக வைத்தால் ச, ரி, த. ஓர் அடி எடுத்து வைத்து, அங்கிருந்து ஒரே தாவு. ‘ஷகோன்’ என்ற முதல் பகுதி முழுக்க இந்த மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது, கொஞ்சமும் சலிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அதைச் சுற்றி வேறு சங்கதி, வேறு வாத்தியம். நடுவில் மெட்டையே தலைகீழாக்குகிறார். ஏறிய இடத்தில் ஸ்வரம் இறங்குகிறது. சட்டென்று ஒரு துக்கம் கவிகிறது. பேண்ட் சத்தம் போடத்தான் லாயக்கு என்பவர்கள் இந்த இடத்தைக் கேட்க வேண்டும். அங்கிருந்து சிறுகச் சிறுகப் பெருகி முழு பேண்டும் எழுந்து நிற்கும்போது, தொடக்கத்தின் அடக்கத்துக்குப் பொருள் விளங்குகிறது.

இரண்டாவதான ‘இன்டர்மெட்சோ’வில் மியூட் செருகிய கார்னெட்டோடு ஓபோ துள்ளுகிறது. கடைசி ‘மார்ச்’சில் பித்தளை வாத்தியங்களின் கம்பீரம் ஒரு பக்கம், கிளாரினெட்டுகளின் நீண்ட, நிதானமான மெட்டு மறுபக்கம். முடிவில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு, அவை பொருந்துவதற்காகவே பிறந்தவை என்று காட்டிவிடுகிறார். மூன்று பகுதிகளுக்கும் வித்து அந்த ஆரம்ப மெட்டுதான். அதனால்தான் இடைவெளியின்றி வாசிக்கச் சொன்னார்.

இந்த நுட்பமெல்லாம் காதில் விழ இன்னொருவர் வேண்டியிருந்தது. அமெரிக்க இசைக்குழு நடத்துனர் ஃபிரெடரிக் ஃபெனல், கல்லீரல் அழற்சியோடு மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஒரு புதுக் குழுவை மனத்தில் வரைந்தார். 1952-இல் ராச்செஸ்டரில் பிறந்த ஈஸ்ட்மன் விண்ட் ஆன்சாம்பிள் அதுதான். ஒரு பாகத்துக்குப் பலர் என்ற வழக்கத்தை விட்டு, பொதுவாக ஒரு பாகத்துக்கு ஒருவர் என்று வைத்தார். குரல்கள் தனித்தனியாகத் தெளிந்தன. ஹோல்ஸ்டின் சூட்டை 1950-களில் இந்தக் குழுவோடும், 1978-இல் கிளீவ்லாந்தில் டிஜிட்டல் முறையிலும் பதிவு செய்தார். பின்னாளில் அதன் ஸ்கோரையும் திருத்திப் பதிப்பித்தார்.

பேண்ட் இசையை உயர்த்தியவர்கள் யார் என்று எப்போது கேட்டாலும் இந்த இருவரையும் சேர்த்தே சொல்வேன். ஃபெனலின் 1978 பதிவு கிடைத்தால், வேறு வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு மூன்று பகுதிகளையும் ஒரே மூச்சில் கேளுங்கள்.