இறுதிச்சுற்றும் எழாத கேள்வியும்

கொட்டகை அதிர்கிறது. கைத்தட்டல் கூரையைப் பிளக்கிறது. உலகப் போட்டியில் வாகை சூடிய மீனவக் குப்பத்துப் பெண், தன் வெற்றியில் பங்கு கேட்டு வந்த சங்கத் தலைவன் முகத்தில் ஓங்கி ஒரு குத்து விடுகிறாள். சாய்கிறான் அவன். அவளோ ஓடோடிச் சென்று தன் ஆசானைத் தழுவிக்கொள்கிறாள். அநீதி வீழ்ந்தது, அறம் வென்றது என்ற நிறைவோடு நாம் வீடு திரும்புகிறோம்.

வீழ்ந்ததா அநீதி? வென்றதா அறம்?

சுதா கொங்கரா இயக்கி, 2016 சனவரியில் வெளிவந்த ‘இறுதிச்சுற்று’ படத்தைத்தான் சொல்கிறேன். போற்ற வேண்டியதை முதலில் போற்றிவிடுவோம். கொடியிடையாளாகவும் குழைந்து பேசுபவளாகவும் மட்டுமே மங்கையைக் காட்டிப் பழகிய திரையில், கையுறை பூட்டிய மதியைக் காட்டினார் இயக்குநர். நடித்த ரித்திகா சிங் மெய்யாகவே சண்டைக்களம் கண்ட வீராங்கனை. தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பையும் பெற்றார். விளையாட்டுச் சங்கத்தின் நாற்காலியில் ஓநாய் அமர்ந்திருக்கக்கூடும் என்று துணிந்து சொன்ன படம் இது. அந்தத் துணிவுக்கு வணக்கம்!

ஆனால் தோழர்களே, ஓநாயைக் கண்ட கண்கள், அது நுழைந்த வழியைக் காணவில்லையே!

படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். பயிற்சியாளன் பிரபு, சங்கத்தின் சூழ்ச்சிகளுக்கு வளைந்து கொடுக்காதவன். அவனை வீழ்த்த எடுக்கப்படும் ஆயுதம் எது? பெண்களிடம் முறைகேடாக நடந்தான் என்ற பொய்க் குற்றச்சாட்டு! அதைக் காரணம் காட்டியே அவன் சென்னைக்குத் தூக்கி எறியப்படுகிறான். பொய்ப் புகாரே உலகில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கலாம். ஆயினும், இந்தக் கதையில் ஏட்டில் ஏறிய புகார் பொய்; தலைவன் தேவ் கத்ரியால் மதிக்கு நேரும் உண்மைத் துன்பமோ புகாராகவே உருவெடுக்கவில்லை. இதைக் கண்ட தந்தை என்ன கற்பார்? நாளை அவர் மகள் நடுங்கும் குரலில் ஒன்றைச் சொல்ல வரும்போது, நம்பிக்கைக்கு முன் ஐயமல்லவா எழும்?

அடுத்தது காதல். பயிற்றுவிக்கும் ஆசான்மேல் மதி காதல் கொள்கிறாள். அவன் அதை ஏற்க மறுக்கிறான், அதுவரை நன்று. ஆனால் முடிவில் வரும் தழுவல், அந்த மறுப்பை மெல்லத் துடைத்துவிடுகிறது. களத்தில் யார் நிற்பது, யார் வெளியே செல்வது என்று முடிவு செய்யும் கை ஆசானுடையது. அந்தக் கையை நம்பித்தான் மாணவியின் எதிர்காலமே இருக்கிறது. இத்தகைய ஏற்றத்தாழ்வே அத்துமீறலின் விளைநிலம் என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2007-லேயே தன் அறிக்கையில் எச்சரித்தது. அந்த விளைநிலத்தில் இன்பப் பாட்டுப் பாடுவது அழகா?

மூன்றாவதுதான் முதன்மையானது. மதி களமிறங்க வேண்டும் என்பதற்காகப் பிரபு தன் பதவியைத் துறக்கிறான். உள்ளம் உருகுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பிரபு கிடைக்காத மதிகள் என்ன ஆவார்கள்? நல்ல ஆசான் வாய்ப்பது நற்பேறு. பாதுகாப்பு உரிமை. உரிமையை நற்பேறாகச் சுருக்குவது கொடை அல்ல, குறை!

குத்து ஒன்றே தீர்ப்பு என்கிறது படம். வாழ்க்கை என்ன சொல்கிறது?

2023 சனவரி 18. தில்லி சந்தர் மந்தரில் மல்யுத்த வீராங்கனையர் தெருவில் அமர்ந்தனர். வலிவற்றவர்களா அவர்கள்? ஒலிம்பிக் வெண்கலம் வென்ற சாக்‌ஷி மாலிக். உலகப் போட்டியில் இருமுறை வெண்கலம் வென்ற வினேஷ் போகத். எதிரியைத் தூக்கிப் புரட்டும் தோள்கள்! அந்தத் தோள்களாலும் ஒரு புகாரைப் பதிவு செய்ய முடியவில்லை. உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகே, ஏப்ரல் 28-இல், கூட்டமைப்பின் அன்றைய தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. மே 28-இல் புதிய நாடாளுமன்றத்தை நோக்கி நடந்த வீராங்கனையரைக் காவலர் தூக்கிச் சென்றனர். அவ்வாண்டு திசம்பரில் சாக்‌ஷி தம் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டுக் களத்திலிருந்தே விடைபெற்றார்.

தலைவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். 2024 மே மாதத்தில் தில்லி நீதிமன்றம் அவர்மீது குற்றச்சாட்டுகளை வரைந்தது. சிறுமி ஒருத்தி தொடர்பான தனி வழக்கு 2025 மே மாதத்தில் முடித்துவைக்கப்பட்டது. தீர்ப்புரைப்பது நீதிமன்றத்தின் பணி. நம் வினா வேறு: பதக்கம் வென்றவளுக்கே தெருதான் முறையிடும் இடம் என்றால், பதக்கம் காணாத பள்ளிச் சிறுமிக்கு எது இடம்?

சட்டம் இல்லையா? இருக்கிறது! பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டு நிறுவனத்தையும் அரங்கத்தையும் போட்டித் திடலையும் பெயர் சொல்லியே பணியிடம் என்கிறது. பத்துப் பேர் பணிபுரியும் இடமானால் புகார்க் குழு வேண்டும். தலைமை பெண்ணிடம், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியார் ஒருவர், 90 நாளில் விசாரணை முடிவு. ஏட்டில் இத்தனையும் இருக்க, 2023 மே மாதத்தில் தேசிய மனித உரிமை ஆணையம், முறையான குழு அமைக்காத பல கூட்டமைப்புகளிடம் விளக்கம் கேட்க வேண்டியிருந்தது! 2025-இல் வந்த தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் வேண்டும் என்கிறது. பாதுகாப்புக்கெனக் கொள்கை வகுக்கச் சொல்கிறது. நன்று. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

பள்ளியில் பணிபுரிகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். திடல் அஞ்சத்தக்கதானால், அதற்கு விலை கொடுப்பவள் பெண்ணே. “போதும் ஓடியது, வீட்டுக்கு வா” என்கிறது குடும்பம். குற்றம் செய்தவன் திடலிலே, குற்றமற்றவள் அடுப்படியிலே! பெண்ணுக்கு ஏன் ஓட்டமும் பாய்ச்சலும் என்று முணுமுணுக்கும் பழமைக்கு இதைவிட இனிய விருந்து ஏது? வேலி வேண்டும்தான், அதைப் பெண்ணைச் சுற்றிப் போடாதீர்கள், அதிகாரத்தைச் சுற்றிப் போடுங்கள்.

படத்தைப் பாருங்கள் தோழர்களே, மதியைப் பாராட்டுங்கள். பிறகு உங்கள் ஊர் விளையாட்டரங்கத்துக்குச் செல்லுங்கள். புகார்க் குழு அமைத்த ஆணையை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. “அந்த ஆணை எந்தச் சுவரில் இருக்கிறது?” என்று கேளுங்கள். சுவர் வெறுமையாக இருந்தால், விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.