பெட்டிக்கும் திரைக்கும் நடுவே மூன்றடி

1982 பிப்ரவரியில் இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியதும், தென் தமிழகக் கடலோர ஊர்களில் டிவி வைத்திருந்தவர்கள் மாடியில் உயரமான குழாயை நட்டு, ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். சென்னையில் தூர்தர்ஷன் 1975-லேயே வந்துவிட்டது. ஆனால் அதன் அலை அத்தனை தூரம் எட்டவில்லை. இலங்கையின் பிதுருதலாகலை மலையிலிருந்து வந்த ரூபவாகினி அலையோ கடலைத் தாண்டி எட்டியது. பிறகு கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தபோது, யாழ்ப்பாணத்துக் கூரைகளில் ஆன்டெனாக்கள் மேற்கே திரும்பின. இரண்டு நாடுகளிலும் அனலாக் முறை ஒன்றே என்பதால் எந்த மாற்றுக் கருவியும் தேவைப்படவில்லை. கம்பியை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினால் புள்ளி குறையும் என்பது வீட்டில் ஒருவருக்காவது கைப்பழக்கமாக இருந்தது.

செட்டாப் பாக்ஸ் என்ற டிஜிட்டல் பெட்டி வந்த வீடுகளில் அந்தக் கைப்பழக்கத்துக்கு வேலை இல்லாமல் போனது. இப்போது படம் கெடும் இடம் கூரையில் இல்லை. பெட்டிக்கும் டிவிக்கும் நடுவே உள்ள மூன்றடி ஒயரில் இருக்கிறது. அந்த மூன்றடியைத் தமிழ்நாடு ஒரு விதமாகவும் இலங்கை வேறு விதமாகவும் கையாள்கின்றன. இரண்டிலும் அது யார் பொறுப்பு என்பது தெளிவாக இல்லை.

தமிழ்நாட்டில் பெட்டி சட்டத்தின் வழியாக வந்தது. 2011-இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, நான்கு பெருநகரங்களில் தொடங்கிப் படிப்படியாக நாடு முழுவதும் அனலாக் கேபிளை நிறுத்த வேண்டும் என்று ஆனது. சென்னைக்கு 2012 அக்டோபர் கெடு. அது வழக்கில் இழுபட்டது. மாநிலத்தின் பெரும்பகுதி வீடுகளுக்கு மாற்றம் உண்மையில் வந்து சேர்ந்தது 2017-இல். அந்த ஆண்டுதான் அரசு கேபிள் டிவி நிறுவனம் டிஜிட்டல் உரிமம் பெற்று, செப்டம்பர் முதல் இலவசமாக செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. கொடுத்த பெட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணத் தெளிவு கொண்டவை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி ஒயர்தான் இணைப்பு. அன்றைக்கு அது பொருத்தமான முடிவாகவே இருந்தது. 2006 முதல் அரசு வழங்கிய 14 அங்குலக் கலர் டிவிகள் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் இருந்தது ஏவி துளைகளும் ஆன்டெனாத் துளையும் மட்டுமே.

பெட்டியைக் கொண்டுவந்து மாட்டியவர் கேபிள்காரர். தெருவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும், அவருக்கும் எல்லா வீடும் தெரியும். மாதாமாதம் பணம் வாங்க வருபவர், மழையில் ஒயர் அறுந்தால் ஏணியோடு வருபவர், பெட்டி பூட்டிக்கொண்டால் அடியிலுள்ள எண்ணைப் படிக்கச் சொல்லி போனிலேயே திறந்துவிடுபவர். இந்த உறவு தமிழ்நாட்டின் பெரிய வசதி. டிடிஎச் வைத்திருப்பவர்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் காத்திருக்கும்போது, கேபிள் வீட்டில் ஒரு குரல் போதும்.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. கேபிள்காரர் மாட்டிய ஒயரை வேறு யாரும் தொடுவதில்லை. பழைய டிவி போய் 43 அங்குல டிவி வந்தபோதும் அதே ஏவி ஒயர்தான் தொடர்ந்தது. புது டிவிகள் பலவற்றில் அந்த ஒயருக்குரிய மூன்று துளைகளே கிடையாது. ஹெட்போன் துளை அளவுக்கு ஒற்றைத் துளை, பக்கத்தில் ‘ஏவி இன்’ என்று எழுத்து. அதற்கான சிறிய ஒயர் டிவி வந்த அட்டைப்பெட்டிக்குள் இருக்கும். தெர்மாகோலோடு சேர்ந்து அதுவும் குப்பைக்குப் போய்விடும். கடையில் வேறொன்று வாங்கினால், அது எல்லா டிவிக்கும் சேராது. அந்த ஒற்றை முள்ளில் படமும் இரண்டு ஒலியும் பூமித் தொடர்பும் எந்த வரிசையில் அமைகின்றன என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். வரிசை மாறினால் ஒலி இரைச்சலாக வரும், படம் வராது. இன்னும் சில டிவிகளில் மஞ்சள் முள்ளைப் பச்சைத் துளையில் செருகி, மெனுவில் ஏவி என்று தேர்வு செய்ய வேண்டும். கம்போனென்ட் என்று தேர்வாகிவிட்டால் படம் கறுப்பு வெள்ளையில் வரும். டிவியே பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்ட வீடுகள் உண்டு.

எனக்கு அதைவிட வருத்தம் தருவது, படம் வந்த பிறகு நடப்பது.

“படம் வருதுல்லம்மா?”

“வருது தம்பி. எல்லார் மூஞ்சியும் அகலமா தெரியுதே.”

“சேனலே அப்படித்தான்மா வருது.”

சேனல் அப்படி வருவதில்லை. நாலுக்கு மூன்று என்ற வடிவத்தில் வரும் படத்தைப் பதினாறுக்கு ஒன்பது திரை இழுத்து நிரப்புகிறது. ரிமோட்டில் ஒரு பொத்தான் அழுத்தினால் சரியாகிவிடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொத்தானைக் காட்ட வேண்டியது யார்? கேபிள்காரரின் வேலை பெட்டியோடு முடிகிறது, கடைக்காரரின் வேலை டிவியோடு முடிகிறது. நடுவே இருக்கும் அந்த அம்மா, முன்பு சின்ன டிவியில் ஒழுங்காகப் பார்த்த முகங்களை, முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பெரிய டிவியில் அகலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இலங்கைக்கு வந்தால் முதல் வேறுபாடு டிவியின் பின்பக்கத்திலேயே தெரியும். அங்கே ஆன்டெனாத் துளைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. சக்தி, வசந்தம், நேத்ரா உள்ளிட்ட அலைவரிசைகளைக் கூரைக் கம்பி வழியே, மாதக் கட்டணம் எதுவும் இல்லாமல், பெட்டியே இல்லாமல் பார்க்கிற வீடுகள் நிறைய. எனவே பெட்டி வாங்கும் இலங்கை வீடு பழைய ஒயரைக் கழற்றுவதில்லை; அதன் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்கிறது. ரிமோட்டில் உள்ளீட்டை மாற்றுவது, அதாவது செய்திக்கு ஆன்டெனா, சீரியலுக்கு எச்டிஎம்ஐ என்று தாவுவது, அங்கே அன்றாடப் பழக்கம். தமிழ்நாட்டுக் கேபிள் வீட்டில் அந்த ‘சோர்ஸ்’ பொத்தானைத் தவறி அழுத்திவிட்டால் நீலத் திரையைப் பார்த்துப் பதறுகிறார்கள். ஒரே பொத்தான்தான், பழக்கம் மட்டுமே வேறு.

அங்கே பெட்டி கம்பெனி வழியே வருகிறது. 2007-இல் டயலொக் நிறுவனத்தின் செயற்கைக்கோள் சேவையும், அடுத்த ஆண்டு ஸ்ரீலங்கா டெலிகொம்மின் பியோ டிவியும் வந்தன. பியோ டிவிக்கு டிஷ்ஷே கிடையாது. தொலைபேசிக் கம்பியில், இப்போது ஃபைபரில், ரவுட்டர் வழியே வருகிறது. அதனால் அதன் கோளாறுகளும் வேறு மாதிரி. மின்சாரம் போய் வந்தால் ரவுட்டர் முதலில் எழ வேண்டும், பிறகுதான் பெட்டி. 2022-இல் நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த மாதங்களில் இதை எத்தனையோ குடும்பங்கள் பட்டே தெரிந்துகொண்டன.

கம்பெனியின் ஆள் ஒரு முறை வந்து பொருத்திவிட்டுப் போவார். தெருவில் தினமும் தென்படும் கேபிள்காரர் போல அவர் இல்லை. பிறகு எது நடந்தாலும் தொலைபேசிதான். பல வீடுகளில் அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பது கொழும்பிலோ கனடாவிலோ உள்ள பிள்ளை.

“அம்மா, ரீவிக்குப் பின்னால பாருங்கோ. எச்டிஎம்ஐ எண்டு எழுதிக் கிடக்கே?”

“ஒண்டு எண்டும் ரெண்டு எண்டும் கிடக்கு தம்பி.”

“ஒண்டில குத்துங்கோ. ரீவியையும் பெட்டியையும் நிப்பாட்டிப் போட்டுக் குத்துங்கோ.”

இப்படித்தான் யாழ்ப்பாணத்தில் அறுபது வயதைக் கடந்த பெண்கள் பலர் எந்தத் துளை எதற்கு என்று சொல்லுமளவுக்குத் தேறியிருக்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. ஆள் வராத இடத்தில் அறிவு வீட்டுக்குள் வந்தது.

வடக்கிலும் கிழக்கிலும் இன்னொரு பெட்டியும் உண்டு: இந்திய டிடிஎச். செயற்கைக்கோளின் வீச்சு பாக்கு நீரிணையில் நின்றுவிடுவதில்லை. யாழ்ப்பாணத்துக் கூரையைப் பார்த்தே எது எதுவென்று சொல்லிவிடலாம். மேற்கே பார்த்து ஓரளவு நிமிர்ந்து நிற்பது டயலொக். தென்கிழக்கே திரும்பி வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடப்பது பெரும்பாலும் இந்திய டிஷ். அதற்குரிய செயற்கைக்கோள்களில் பல ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கின்றன. இந்த நிறுவனங்களின் உரிமம் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ஆகவே இந்தப் பெட்டி கெட்டால் முறையிட இலங்கையில் அலுவலகம் இல்லை. ரீசார்ஜ் இந்தியாவில் உள்ள உறவினர் வழியாகவோ சந்திக் கடை வழியாகவோ நடக்கிறது. மின்னழுத்தம் இரு நாட்டிலும் 230 வோல்ட் என்பதால் அடாப்டர் எரியாது. ஆனால் இந்தியப் பிளக்கின் உருண்டை முள், இலங்கையின் 13 ஆம்பியர் சதுரத் துளைக்குள் போகாது. மூன்றாவது துளைக்குள் பேனா முனையை விட்டு மூடியைத் திறந்துகொண்டு இரண்டு முள்ளைத் திணிக்கும் பழக்கம் உண்டு. அது ஆபத்து. மாற்றுப் பிளக் ஒன்றின் விலை உயிரை விடப் பெரியதல்ல.

இனி, இரு நாட்டுக்கும் பொதுவான வேலை. பெட்டியில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஏவி ஒயரை எடுத்துவிட வேண்டும். ஒரே ஒயரில் படமும் ஒலியும் டிஜிட்டலாகவே போகும். செருகும்போது இரண்டுமே அணைந்திருக்கட்டும். பத்தொன்பது மெல்லிய தொடுமுனைகள் கொண்ட முனை அது, வலிந்து திணித்தால் டிவியின் பலகையே போகும். ‘ஏஆர்சி’ என்று எழுதிய துளையை ஒலிபெருக்கிக்கு விட்டுவிட்டு, மற்றதில் பெட்டியைச் செருகலாம். பிறகு பெட்டியின் மெனுவுக்குள் போய் வெளியீட்டை 1080-க்கு மாற்ற வேண்டும். பலர் விட்டுவிடும் படி இதுதான்: ஒயரை மாற்றியும் பெட்டி பழைய 576 கோடுகளையே அனுப்பிக்கொண்டிருக்கும். படம் வந்து ஒலி வராவிட்டால், ஒலி அமைப்பை டால்பியிலிருந்து பிசிஎம்முக்கு மாற்றிப் பார்க்கலாம். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால், நகல் தடுப்புக்காகப் பெட்டியும் டிவியும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இடத்தில் தடங்கல் என்று கொள்ளலாம். இரண்டையும் பிளக்கிலிருந்தே கழற்றி, சில நிமிடம் விட்டு, டிவியை முதலில் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

பெட்டியில் எச்டிஎம்ஐ இல்லாவிட்டால், ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் சிறிய கருவி சென்னை பர்மா பஜாரிலும் கொழும்புப் புறக்கோட்டையிலும் கிடைக்கும். அது துளைக்குத் துளை பொருத்தும், தெளிவைத் தராது. சாதாரணப் பெட்டி அனுப்பும் 720-க்கு 576 புள்ளிகளை 3840-க்கு 2160 திரையில் பரப்பினால் மங்கத்தான் செய்யும். அந்தப் பணத்தை எச்டி பெட்டிக்குச் சேர்ப்பது நல்லது.

இடி விஷயத்தில் இரு கரையிலும் ஒரே தவறு. மின்னல் வெட்டினால் பிளக்கைப் பிடுங்குகிறார்கள், டிஷ் ஒயரையோ கேபிள் ஒயரையோ விட்டுவிடுகிறார்கள். கூரையிலிருந்தோ தெருக் கம்பத்திலிருந்தோ வரும் அந்த ஒயர் வழியே பாயும் மின்னோட்டம் பெட்டிக்குள் புகுந்து, எச்டிஎம்ஐ வழியாக டிவியின் பலகையை அடையும். ஐப்பசி மழைக்குப் பிறகு பழுதுபார்க்கும் கடைகளில் எச்டிஎம்ஐ வேலை செய்யாத டிவிகள் சேர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெட்டியின் பின்னால் திருகியிருக்கும் அந்த ஒயரையும் கழற்றிவிட வேண்டும்.

இந்தியாவில் பெட்டியே தேவைப்படாத டிவிக்கான முயற்சியும் நடக்கிறது. செயற்கைக்கோள் ட்யூனரை டிவிக்குள்ளேயே வைப்பதற்கான தரநிலையை இந்திய தர நிர்ணய அமைவனம் 2022-இல் வகுத்தது. டிஷ் ஒயரை நேரே டிவியில் திருகினால் டிடி ஃப்ரீ டிஷ்ஷின் இலவச அலைவரிசைகள் வரும். கட்டாயமாக்கப்படாததால் கடைகளில் இன்னும் பரவவில்லை.

இலங்கையின் நிலை இதற்கு நேர்மாறு. அங்கே பெட்டி தேவைப்படாத வீடுகளுக்கு இனிமேல்தான் தேவைப்படப் போகிறது. கூரைக் கம்பி ஒளிபரப்பை டிஜிட்டலாக்க 2014-இல் ஜப்பானிய ஐஎஸ்டிபி-டி முறையை இலங்கை தேர்ந்தெடுத்தது. பணி இன்னும் முடியவில்லை. ஐரோப்பிய டிவிபி-டி2 ட்யூனர் மட்டும் உள்ள டிவியால் ஜப்பானிய அலையைப் படிக்க முடியாது. எனவே அனலாக் நிறுத்தப்படும் நாளில், புத்தம் புதிய டிவி வைத்திருக்கும் பல வீடுகளும் பெட்டி வாங்க வேண்டி வரலாம். கட்டணச் சேவை எடுக்க வசதியில்லாமல் கம்பியை நம்பியிருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கும் வன்னிக் கிராமங்களுக்கும் அந்தச் சுமை முதலில் போய்ச் சேரும். அப்போது தமிழ்நாட்டைப் போலப் பெட்டியை இலவசமாகக் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். கூடவே, டிவியின் பின்பக்கப் படத்தோடு எந்த ஒயர் எந்தத் துளைக்கு, படம் இழுபட்டால் எந்தப் பொத்தான் என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு தாளும், பொருத்த வருபவர் வீட்டிலுள்ளவர் கையாலேயே ஒரு முறை செருக வைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற விதியும் வேண்டும். 2017-இல் தமிழ்நாட்டில் இவை இரண்டும் இல்லாமல்தான் பெட்டிகள் வீடு வீடாகப் போயின.