துணை யார், தலைமை யார்?
லில்லி கிராவுஸ் – ஷிமோன் கோல்ட்பர்க் இசைத்தட்டுகள்

இசைத்தட்டுலகில் புகழ் என்பது பெரும்பாலும் தனியொருவர் பெயரைச் சுற்றியே வளர்கிறது. விரல் வேகத்தால் வியப்பூட்டும் பியானோக் கலைஞரைப் பலர் அறிவர். இருவரோ மூவரோ ஒருவர்க்கொருவர் செவிகொடுத்து வாசித்த இசையைத் தேடிக் கேட்போர் சிலரே. பெருமண்டபத்திற்கன்றி, ஒரு கூடத்தில் சிலர் கூடியிருந்து சுவைப்பதற்கென எழுந்த இவ்விசையை மேனாட்டார் ‘அறையிசை’ என்பர். அத்துறையில் உரிய மதிப்பைப் பெறாத பதிவுகளுள், 1930-களின் நடுப்பகுதியில் லில்லி கிராவுசும் ஷிமோன் கோல்ட்பர்க்கும் பார்லோபோன் நிறுவனத்திற்காக வாசித்த மோட்சார்ட் சொனாட்டாக்கள் முன்னிற்கத் தக்கவை.

கிராவுஸ் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். பார்ட்டோக், கோடாய் ஆகியோரிடம் பயின்று, பின்னர் பெர்லினில் ஷ்னாபெலிடம் தேர்ச்சி பெற்றவர். போலந்து நாட்டவரான கோல்ட்பர்க், இளம் வயதிலேயே பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவின் முதல் வயலின் கலைஞராக அமர்ந்தவர். யூதராகப் பிறந்தமையால், நாஜிகள் ஆட்சியில் 1934-இல் அவ்விடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. இவ்விருவரும் சேர்ந்து வாசித்த சில ஆண்டுகளின் விளைவே இத்தட்டுகள்.

ஓரிரவில் பிறந்த சொனாட்டா

இவற்றுள் கோகெல் பட்டியலில் 379-ஆம் எண்ணுடைய சொனாட்டாவைச் சான்றாகக் கொள்ளலாம். 1781 ஏப்ரல் 8-ஆம் நாள் வியன்னாவிலிருந்து தந்தைக்கு எழுதிய மடலில், முந்திய இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையே ஒரு சொனாட்டா இயற்றியதை மோட்சார்ட் தெரிவித்தார். நேரமின்மையால் புருனெட்டி என்பாருக்குரிய வயலின் பகுதியை மட்டும் எழுதித் தந்து, தம் பியானோப் பகுதியை நினைவிலேயே வைத்துக்கொண்டாராம். அம்மடல் குறிப்பது இச்சொனாட்டாவையே என்பது ஆய்வாளர் கருத்து. அதே ஆண்டில் வெளிவந்த அச்சுப் பதிப்பும் இதனை வயலின் துணையுடன் பியானோவுக்கு அமைந்த படைப்பு என்றே குறித்தது.

பிற்கால மேடை வழக்கமோ இம்முறையைத் தலைகீழாக்கிற்று. வயலின் கலைஞர் முன்னே நிற்க, பியானோ பக்கவாத்தியமாயிற்று. எழுத்தைப் பார்த்தால் பியானோ தலைமை. மேடையைப் பார்த்தால் வயலின் தலைமை. இவ்வழக்கிற்குக் கிராவுசும் கோல்ட்பர்க்கும் தந்த விடை இறுதிப் பகுதியில் தெளிவாகிறது.

அப்பகுதி எளியதொரு பாட்டையும் அதன் மாற்றுருவங்களையும் கொண்டது. முதல் மாற்றுருவம் பியானோவுக்கு மட்டுமே உரியது. கிராவுஸ் அதைத் தனிக்கச்சேரியாக்காமல், வயலின் திரும்பிவரக் காத்திருப்பவர்போல் வாசிக்கிறார். ஐந்தாவதில் நிலை மேலும் நுட்பமாகிறது. பியானோ மெல்ல நடந்து அணியணியாய்ப் பாட்டை இழைக்க, வயலின் வில்லைக் கீழே விட்டு, நரம்புகளை விரலால் மீட்டி நிற்கிறது. சிறந்த வயலின் கலைஞர் ஒருவர் இங்கே செய்யக்கூடியது மிகக் குறைவு; அக்குறைவை முழுமையாகச் செய்வதே கடினம். கோல்ட்பர்க்கின் ஒவ்வொரு மீட்டும் பியானோவின் மூச்சறிந்து விழுகிறது. தாழ்ந்து நிற்பவரே அங்குக் காலத்தைத் தாங்கி நிற்கிறார் என்பது அப்போது விளங்கும். துணை, தலைமை என்னும் வேற்றுமையே அங்கு மறைகிறது.

குறைகளும் உண்டு. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கு நிமிடமே ஓடும்; அதற்கேற்ப இசை துண்டுபட்டது. கீறல் ஒலி ஓயாது கேட்கும். பியானோவின் தாழ்ந்த சுரங்கள் மெலிந்துள்ளன. வேகப் பகுதிகளில் கிராவுசின் அழுத்தம் சிற்சில இடங்களில் கடுமையாகவும் ஒலிக்கிறது. ஆயினும், உள்ளத்தின் உரையாடலை இக்குறைகள் மறைக்கவில்லை.

போர் பிரித்த இணை

இத்தட்டுகள் பின்தள்ளப்பட்டமைக்குக் காலமும் ஒரு காரணம். கிழக்கிந்தியத் தீவுகளுக்கு இசைப்பயணம் வந்த இருவரும் ஜாவாவில் போரிற் சிக்கினர். 1942-இல் ஜப்பானியர் அத்தீவைக் கைப்பற்றிய பின்னர், முகாம்களில் அடைபட்டு, 1945-இல்தான் விடுதலை கண்டனர். அதன்பின் வழிகள் பிரிந்தன. கிராவுஸ் 1950-களில் வில்லி போஸ்கோவ்ஸ்கியுடனும், கோல்ட்பர்க் 1970-களில் ராடு லுப்புவுடனும் மோட்சார்ட் சொனாட்டாக்களைப் பதிந்தனர். ஒலித் தெளிவில் அவை மேம்பட்டவை. அவற்றின் நயத்தையும் அமைதியையும் குறைகூற இடமில்லை. ஆனால் பழைய பதிவில் உள்ள ஆவல், ஒருவர் சொல்லி முடிக்குமுன் மற்றவர் உணர்ந்துகொள்ளும் அந்த விரைவு, அவற்றில் அதே அளவில் இல்லை.

பழஞ்சுவடியைப் பயில்வோர் செல்லரித்த இடத்தைக் கண்டு ஏட்டை எறிந்துவிடுவதில்லை. எஞ்சிய எழுத்தில் கண் பதிப்பர். பழந்தட்டைக் கேட்போர்க்கும் அப்பொறுமை வேண்டும். முதன்முறை பியானோவை மட்டும் பின்தொடர்க, மறுமுறை வயலினை, மூன்றாம் முறை இரண்டிற்கும் இடையே நிகழ்வதைக் கேட்க. அப்போது கீறல் ஒலி தானே பின்னொதுங்கும். ஒலியின் தூய்மை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் செவி இத்தகைய செல்வத்தை இழந்துவிடும்.