குடக்காரர் கையில்தான் ஆட்டம்

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு முடிந்து வீடு திரும்பும்போது எல்லாரும் பேசுவது கதை பாடும் புலவரின் தொண்டையைப் பற்றித்தான். குடம் அடிக்கிறவரை ‘இடையில் சிரிப்பு மூட்டுகிற ஆள்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அடியோடு தப்பான கணிப்பு இது.

நான் சொல்லும் குடக்காரரை இந்தப் பங்குனி, சித்திரையில் அகஸ்தீஸ்வரம் பக்கம் பலரும் கேட்டிருப்பீர்கள். அவருடைய ‘ஆமா’வைக் கவனியுங்கள். புலவர் வரியை முடித்ததும் விழ வேண்டிய ‘ஆமா’வை ஒரு தாளம் பிடித்து வைப்பார். “கன்னிப்பூவும் கும்பப்பூவும் வெளஞ்சு களம் நெறஞ்ச நாடு” என்று புலவர் நாட்டுவளம் பாடி நிறுத்துகிறார். பதிலில்லை. பந்தலில் தலைகள் திரும்புகின்றன. அப்புறம்தான் கேட்கிறார்: “அப்பம் ரேஷன் கடையில வரிச எதுக்கு அண்ணாச்சி?”

சிரிப்பு அடங்குவதற்குள் உடுக்கை நடையை மாற்றியிருக்கும், கீபோர்டு சினிமா மெட்டுக்குத் தாவியிருக்கும். பழைய மெட்டிலிருந்து புது மெட்டுக்குப் போன தடமே காதில் விழாது. சிரிப்பை அவர் பாலமாகப் போடுகிறார். வில் கிடப்பதும் குடத்தின் கழுத்தில்தானே? வீசுகோல் நாணில் விழும் ஒவ்வொரு அடியும் குடத்துக்குள் இறங்கித்தான் முழங்குகிறது.

காமெடி சேர்ந்து வில்லிசை கெட்டது என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. 1949-இல் ‘நல்லதம்பி’ படத்தில் வந்த கிந்தனாரை மறந்துவிட்டார்களா? ஊர்ப் பையன் படிப்புக்காகப் பட்டணத்துக்கு ரயிலேறுவதைக் கதாகாலட்சேபமாகவே சொல்லிச் சிரிக்க வைத்த ஒழுகினசேரிக்காரர் என்.எஸ். கிருஷ்ணன், வில்லுப்பாட்டிலிருந்து வந்தவர். கலப்பும் கேலியும் இந்த மண்ணுக்கு நேற்று வந்தவை அல்ல.

நம்ம ஆளின் பெரிய முடிவு நடுச்சாமத்தில் வரும். இசக்கி கதையில் கொலை நெருங்கும்போது, முன்வரிசை அவர் வாயைப் பார்த்துக் காத்திருக்கும். ஒரு சொல் சொன்னால் பந்தல் அதிரும். சொல்ல மாட்டார். மட்டை மட்டும் குடத்தின் வாயில் விழும், ‘ஆமா’ வெறும் மூச்சாகச் சுருங்கும். சாமியாடி எழும்பும்வரை அந்தக் கட்டுப்பாடு தளராது. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு இந்த இடத்தில் வாய்விட்டுக் கதையைக் குலைத்த குழுக்களையும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இவர் பக்கம் நிற்கிறேன்.

நாகர்கோவில் கல்லூரிப் பையன்கள் இப்போது வில்லோடு கிடாரும் டிரம்ஸும் வைத்துக் கேலிப்பாட்டு ராக் குழு கட்டக் கனவு காண்கிறார்கள். கட்டட்டும். வில்லை மேடை அலங்காரமாக முன்னால் சாத்திவைக்கிற குழு ஒரு சீசன் தாண்டாது. டிரம்ஸை ஒதுக்கிவிட்டுக் குடத்தை நடுவில் வைத்து, மைக்கையும் அதன் பக்கம் திருப்புகிற குழு நிற்கும். அப்படி ஒன்று சீக்கிரமே வரும். நம்ம குடக்காரரும் அடுத்த சித்திரையில் ‘ஆமா’வை இரண்டு தாளம் தள்ளிப் பார்ப்பார் என்று நினைக்கிறேன். புலவர் முதலில் தடுமாறுவார், மூன்றாவது கொடைக்குள் பழகிக்கொள்வார்.