காட்சியின்றி வாழ்த்து இல்லை

வீரர்க்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியர் ஆறு துறைகளாகப் பகுத்தார். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்பன அவை. காட்சி என்பது தக்க கல்லைத் தேடிக் காண்டல் என்பதே உரை. எனினும், தேடிக் காண்பது முதலிலும் வாழ்த்துவது இறுதியிலும் அமைந்த இவ்வரிசையில் ஒரு வரலாற்று நெறியும் அடங்கியிருக்கிறது. கண்டறியாத ஒன்றை வாழ்த்துதல் வெற்றொலியே ஆகும்.

இம்முறையைப் பெண்ணொருத்திக்கு உரியதாக்கிக் காப்பியம் செய்தவர் இளங்கோவடிகள். கண்ணகியின் செய்தி சேரன் செங்குட்டுவனுக்கு எவ்வாறு எட்டியது? அரண்மனை ஏட்டிலிருந்து அன்று. வேங்கை நிழலில் நின்றவளைக் கண்ணாரக் கண்ட குன்றக் குறவரே வந்து உரைத்தனர். அவள் வரலாற்றைச் சாத்தனார் விளக்கினார். போற்றத்தக்கவள் யார் என வேந்தன் வினவியபோது, நம் நாடு அடைந்த பத்தினியை வழிபடல் வேண்டும் என்று விடை கூறியவள் கோப்பெருந்தேவி. கண்டவர் உள்ளூரார்; விளக்கியவர் புலவர்; சிறப்பை எடைபோட்டவள் ஒரு பெண். இம்மூன்றும் கூடிய பின்னரே இமயத்துக் கல் வந்தது.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் மகளிர் விழாக்களை நோக்குவோம். மார்ச் 8இலும், பள்ளி விழாக்களிலும், கோயில் திருவிழாக்களிலும் மாதரைப் போற்றும் வழக்கம் பெருகியிருப்பது மகிழத்தக்கதே. ஆயின் நாம் நேரே வாழ்த்துக் காதையில் தொடங்கிவிடுகிறோம். குன்றக் குறவரை அழைப்பதில்லை.

நெகிரி செம்பிலானில் உள்ள தம்பின் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். கிம்மாஸை அடுத்த கெமெஞ்சே பாலத்தருகே, 1942 சனவரி 14ஆம் நாள், ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரை மறித்துத் தாக்கினர். அங்கே நினைவுச் சின்னம் உண்டு, அது முறையே. அதே போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். லயங்களில் பசியோடும் பிள்ளைகளோடும் எஞ்சி நின்று குடும்பத்தைக் காத்த பெண்களின் கதையை எந்தக் கல் சொல்லுகிறது?

1943இல் சிங்கப்பூரில் அமைந்த ஜான்சி ராணிப் படையை நாம் அறிவோம். அதன் தலைவி டாக்டர் லட்சுமியையும், 2000இல் பத்மஸ்ரீ விருது பெற்ற ஜானகி ஆதி நாகப்பனையும், பின்னாளில் பெண் ஆசிரியர்களின் சம ஊதியத்திற்குப் போராடிய ராசம்மா பூபாலனையும் மேடைதோறும் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். ஆனால் அப்படையில் சேர்ந்தவர்களுள் ரப்பர்த் தோட்டத்துப் பெண்களும் பலர். உளி பிடித்த கையால் துப்பாக்கி ஏந்திய அவர்களுள் எத்தனை பேரின் பெயரை நம் மாணவர் அறிவர்?

படைக்குச் செல்லாதவர் செய்தது சாதனை ஆகுமா என்று வினவுவாரும் உளர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் சேர்த்துச் சுமந்தவள் அவள். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் அரசு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. அக்குறைகூலியிலும் குடும்பத்தைத் தாங்கிப் பிள்ளைகளை வளர்த்தாள். கண்ணகியும் அரசி அல்லள். படைத்தலைவியும் அல்லள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே மாநிலத்து மலாய் மக்களின் பெர்பாத்தே வழக்கில் குலநிலம் தாய்வழியே மகளைச் சேர்கிறது. அடுத்திருந்த தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்கோ குடியிருந்த லயமும் சொந்தமன்று. ஆகவே அவளை நிலப்பத்திரத்தில் தேடிப் பயனில்லை. கண்டவர் நினைவில்தான் தேட வேண்டும். ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது, லயங்கள் கலைந்தன, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். கண்டு சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

இங்கேதான் தமிழாசிரியரின் கடமை தொடங்குகிறது. சாத்தனாரின் இடம் அவருடையது. மாணவர் தத்தம் பாட்டியிடம் அமர்ந்து, அவர் பெயர், தோட்டம், வேலை பார்த்த ஆண்டுகள், பெற்ற கூலி, பாடிய தாலாட்டு ஆகியவற்றைக் கேட்டெழுதட்டும். விழாவில் பொன்னாடைக்கு முன் அவ்வேடு படிக்கப்படட்டும். யாரைச் சிறப்பிப்பது என்பதை அத்தோட்டத்துப் பெண்களே முடிவு செய்யட்டும். ஒரு விழாவிற்கு ஒருவர் வரலாறு ஒழுங்காக எழுதப்பட்டால் போதும். கல் எடுக்கும் செலவு நம்மால் இயலாதிருக்கலாம். ஒரு குறிப்பேட்டின் விலை எவர்க்கும் இயலும்.